கம் பிரிண்ட் கிட்: இருட்டுப் படம் போடுகிறவர்களுக்கு எது தேறும், எது தேறாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 3,200 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த கம் பிரிண்ட் கிட், அதாவது பிசினும் நிறமியும் கொண்டு வெயிலில் படம் அச்சிடுவதற்கான பெட்டி, வெளிர் நிறத்தில் ஒரு பூவையோ ஒரு முகத்தையோ அச்சிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் போதும். கறுப்பு வெள்ளையில், ஆழமான இருட்டோடு ஒரு படம் வேண்டும் என்றால் பெட்டியில் இருப்பதில் பாதி உதவாது. மீதிப் பாதியையும் உள்ளே வைத்திருக்கும் குறிப்புத்தாளின்படி பயன்படுத்தக் கூடாது. விற்பவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. யாரிடம் வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையின் லேபில் வேலை பார்க்கிறேன். வீடு, காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில். அச்சிடுவது பெரும்பாலும் ஆலைக்குள் எடுத்த படங்கள்: டிரம் (தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர உருளை) ஓடும் ஷெட், ஈர மரம், இரும்புப் பட்டை, மேலே தகர இடுக்கு வழியாக விழும் ஒரே ஒரு கீற்று வெளிச்சம். இன்க்ஜெட்டில் போட்டால் அந்த ஷெட் சுத்தமாக, வழவழவென்று வருகிறது; உள்ளே போய் நின்றவருக்கு அது அந்த இடமாகத் தெரியாது. கம் பிரிண்டில் கறுப்பு தாளின் மேல் ஒரு பொருளாக உட்காருகிறது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் இருட்டு இருக்கும் இடம் லேசாக மினுங்கும், வெளிச்சம் இருக்கும் இடம் வெறும் தாளாக இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான். இந்தப் பெட்டியை நான் எடைபோடுவதும் அந்த ஒரு தேவையை வைத்தே.

இந்த முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிசின் கரைசல், அதில் நிறமி, அதோடு பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல். மூன்றையும் கலந்து தாளில் பூசி, மங்கிய வெளிச்சத்தில் உலர்த்தி, மேலே நெகட்டிவ் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் பிசின் இறுகும். படாத இடத்தில் தண்ணீரில் கரைந்து போகும். இறுகிய பிசினுக்குள் மாட்டிக்கொண்ட நிறமிதான் படம். வெள்ளி கிடையாது, டெவலப்பர் கிடையாது, ஃபிக்சர் கிடையாது. பச்சைத் தண்ணீரே எல்லா வேலையையும் செய்கிறது.

டைகுரோமேட் தோய்த்த தாள் வெயிலில் நிறம் மாறுவதை 1839இல் ஸ்காட்லாந்தின் மங்கோ பான்டன் கண்டுபிடித்தார். 1855இல் பிரான்சின் அல்போன்ஸ் புவாத்வென் அதோடு நிறமியைச் சேர்த்தார். 1858இல் இங்கிலாந்தில் ஜான் பவுன்சி இப்படி அச்சிட்ட படங்களைக் காட்டினார். அப்புறம் நெடுங்காலம் யாரும் சீண்டவில்லை. 1890களில் பாரிஸின் ராபர்ட் டிமாஷியும் ஆஸ்திரியாவின் ஹைன்ரிஷ் கூனும் மறுபடி கையில் எடுத்தார்கள். இதில் கூனும் அவருடைய நண்பர்களும் கண்ட வழி நமக்கு முக்கியம்: ஒரே தாளில் பூச்சுக்கு மேல் பூச்சாக, ஒரே நெகட்டிவை வைத்துத் திரும்பத் திரும்ப அச்சிடுவது. இருட்டுப் படத்துக்கு அதுதான் ராஜபாட்டை. இந்தப் பெட்டிக்காரர் அந்த வழியை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. பெட்டியின் மேலேயே “ஒரே பூச்சில் படம்” என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்.

பெட்டியில் இருப்பவை: 200 மில்லி பிசின் கரைசல், கறுப்பு, பழுப்பு, நீலம் என மூன்று குட்டிப் புட்டிகளில் நிறமி, 50 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட், ஏ5 அளவில் பத்துத் தாள், நெகட்டிவ் அச்சிட இரண்டு ஓஹெச்பி ஃபிலிம் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), ஒரு ஸ்பாஞ்சு பிரஷ், ஒரு ஜோடி கையுறை, இரண்டு பக்கக் குறிப்பு.

பிசினில் குறையே இல்லை. வைக்கோல் நிறத்தில், கண்ணாடி போலத் தெளிவாக, கசடில்லாமல் இருக்கிறது. பதமும் சரி, பிரஷில் இழுத்தால் கோடு விழாமல் பரவுகிறது. தீர்ந்த பிறகு அதையே திரும்ப வாங்கத் தேவையில்லை. சூடானிலிருந்து வரும் அரபிக் கோந்தைப் பொடியாக வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் என்று இரவெல்லாம் ஊறவிட்டு, மல் துணியில் வடிகட்டினால் அதே பதம் வந்துவிடும். நான் சித்தூர் பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசினும் வாங்குவதுண்டு. கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். முதல் தடவை போனபோது, “தும்ம பங்கவா? என்னாத்துக்குமா, வயித்துப்போக்குக்கா?” என்று கேட்டார். “படம் அச்சடிக்கண்ணா” என்றேன். அடுத்த தடவையிலிருந்து வெளிர்நிறக் கட்டிகளாகப் பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்துத் தருகிறார். பழுப்பேறிய கட்டி வேண்டாம். அது கரைந்தாலும் படத்தின் வெள்ளைப் பகுதி தெளிய நேரம் பிடிக்கிறது. ஒரு எச்சரிக்கை: வெறுமனே “பிசின் கொடுங்க” என்று கேட்டால் பல கடைகளில் பாதாம் பிசினை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது தண்ணீரில் உப்புமே தவிரக் கரையாது. ஜிகர்தண்டாவுக்கு ஆகும், நமக்கு ஆகாது.

அடுத்தது கறுப்பு. வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவுசெய்கிற பொருள் இதுதான்.

புட்டியின் மேல் “கறுப்பு” என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கறுப்பு? வாட்டர்கலர் ட்யூப் வாங்கினால் அதன் முதுகில் நிறமி எண் இருக்கும். பிபிகே 6 என்றால் லாம்ப் பிளாக், புகைக்கரி. மிக நுண்ணிய துகள், லேசாக நீலம் பாய்ந்த கறுப்பு, கொஞ்சம் போட்டாலே கனமாக மூடும். பிபிகே 9 என்றால் ஐவரி பிளாக், எலும்புக்கரி. கொஞ்சம் பழுப்பு ஓடும், வலு குறைவு, மென்மையானது. பிபிகே 11 என்றால் மார்ஸ் பிளாக், இரும்பு ஆக்சைடு. கனமானது, தாளின் குழிகளில் போய்ப் படியும். மூன்றும் கம் பிரிண்டில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். எது என்று தெரியாமல் யாரும் அளவு சொல்ல முடியாது, அடுத்த புட்டியும் இதே மாதிரி இருக்கும் என்று நம்பவும் முடியாது.

எண் இல்லாததால் கறைச் சோதனை போட்டேன். எந்த நிறமிக்கும் இதைச் செய்யலாம்: டைகுரோமேட் சேர்க்காமல், பிசினும் நிறமியும் மட்டும் கலந்து, தாளில் ஒரு பட்டையாகப் பூசி, உலரவிட்டு, தண்ணீரில் கவிழ்த்துப் போட வேண்டும். வெளிச்சத்துக்கு வேலையே இல்லாத கலவை என்பதால் அரை மணி நேரத்தில் முழுக்கக் கரைந்து தாள் வெள்ளையாகத் திரும்ப வேண்டும். பெட்டியின் கறுப்பு, பெட்டியின் தாளிலேயே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையை விட்டுப்போனது. அந்தச் சாம்பல்தான் இந்தக் கிட்டில் அச்சிடும் ஒவ்வொரு படத்தின் வெள்ளையும். இருட்டுப் படத்துக்கு வெள்ளை எதற்கு என்று யாராவது கேட்கலாம். இருட்டுப் படத்துக்குத்தான் வெள்ளை அதிகம் வேண்டும். அந்த ஒரு கீற்று வெளிச்சம் தாளின் வெள்ளையாக நிற்காவிட்டால் சுற்றி இருக்கும் கறுப்பு கறுப்பாகவே தெரியாது, புழுதி படிந்த சிலேட்டாகத் தெரியும்.

குறிப்புத்தாள் இன்னொரு யோசனையும் சொல்கிறது: கறுப்பு போதாவிட்டால் நிறமியைக் கூட்டுங்கள். கேட்க நியாயமாகத் தோன்றும், தொட்டியில் போட்டால் உண்மை தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது. கறுப்பு நிறமி அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. பூச்சு கனமாக, நிறமி மிகுதியாக இருந்தால் மேல்பக்கம் மட்டும் இறுகி, தாளை ஒட்டிய அடிப்பக்கம் இளகியே கிடக்கும். தண்ணீர் அந்த அடியைத்தான் முதலில் கரைக்கும். கவிழ்த்துப் போட்ட பத்தாவது நிமிடத்தில், படத்தில் எங்கே மிகக் கறுப்பாக இருக்க வேண்டுமோ அங்கிருந்துதான் உரியத் தொடங்குகிறது. முதலில் ஓரம் சுருளும், பிறகு விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பாலாடை மாதிரி மிதந்து வரும், அடியில் மொட்டைத் தாள் பளிச்சென்று தெரியும். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. குறிப்புத்தாளைப் பின்பற்றுகிற யாருக்கும் இதுதான் நடக்கும். நடந்த பிறகு கம் பிரிண்டில் கறுப்பே வராது போலிருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். அது எனக்கு வருத்தம்.

கறுப்பு வரும். மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சரிப்பட்டு வந்த அளவைச் சொல்கிறேன். வின்சர் அண்ட் நியூட்டனின் ஐவரி பிளாக்கும் லாம்ப் பிளாக்கும் ட்யூபில் வாங்கி வைத்திருக்கிறேன். முன்னது பிபிகே 9, பின்னது பிபிகே 6 என்று அதிலேயே போட்டிருக்கிறது. முதல் பூச்சு: 10 மில்லி பிசினுக்கு ஐவரி பிளாக் கால் கிராம், பிசின் அளவுக்கே டைகுரோமேட் கரைசல், நீண்ட வெயில். இதில் வெளிச்சத்தின் விளிம்பும் சாம்பல் வரிசையும் வந்துவிடும். படம் மொத்தமும் வெளிறி, பழைய ஜெராக்ஸ் போலத்தான் இருக்கும், கவலை வேண்டாம். இரண்டாவது பூச்சு: லாம்ப் பிளாக் அரை கிராம், நடுத்தர நேரம். மூன்றாவது: லாம்ப் பிளாக் ஒரு கிராம், கூடவே துளி பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறமி, நேரம் மிகக் குறைவு. நேரம் குறைவாக இருப்பதால் நெகட்டிவில் மிகத் தெளிவாக இருக்கும் இடங்கள் மட்டும், அதாவது படத்தின் அடி இருட்டு மட்டும் பிடிக்கும். மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே இறுகிய இரண்டு பூச்சின் மேல் உட்காருவதால் கறுப்பு உரியாது. பர்ன்ட் அம்பர், லாம்ப் பிளாக்கின் நீலத்தை அடக்குவதற்காக. அது இல்லாமல் போட்டால் ஈர மரம் ஈர இரும்பாகத் தெரிகிறது.

மூன்றாவது பூச்சு கரையும் நேரத்தில் கையை வைக்கக் கூடாது. தொட்டியில் கவிழ்த்து, தானாகக் கரையவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் தூக்கினால், முதலில் கறுப்பு நீர் தாரையாக வடியும், அதன் பின்னால் டிரம்மின் இரும்புப் பட்டை, பட்டையில் இருக்கும் போல்ட்டுகள், ஒவ்வொரு போல்ட்டின் மேல்விளிம்பிலும் மட்டும் ஒரு வெள்ளைப் பிறை. அந்தப் பிறை முதல் பூச்சில் வந்தது. அதைச் சுற்றியுள்ள இருட்டு மூன்றாவதில் வந்தது. ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருவரிடம் ஒரு பிரிண்டைக் கொடுத்தபோது, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “மேடம், கதவு கொண்டி கூடத் தெரியுதே, நேர்ல எனக்கே தெரியாது” என்றார். ஒரே பூச்சில் அந்தக் கொண்டி வரவே வராது.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் இருப்பது மரக்கூழ்த் தாள், ஒரு பூச்சுக்குத் தாங்கும், மூன்றாவது கழுவலில் நார் எழும்பிவிடும். மூன்று பூச்சுப் போட வேண்டுமானால் 300 ஜிஎஸ்எம் பஞ்சுத் தாள் வேண்டும். ஃபேப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ ஹாட் பிரஸ் எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. 1959 முதல் பாண்டிச்சேரியில் கைத்தாள் செய்யும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கனத்த தாளிலும் போட்டிருக்கிறேன். அதன் சொரசொரப்பு பாறைப் படங்களுக்கு அழகு. பொன்னை ஆற்றோரக் கருங்கல் குன்றுகளை அதில்தான் அச்சிடுகிறேன். எந்தத் தாளானாலும் முதலில் வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது பூச்சில் நெகட்டிவ் பொருந்தாது. பொருத்துவதற்கு ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் ஓரத்தில் இரண்டு ஓட்டை போதும்.

சுருக்கிய தாளுக்கு 3 சதவீத ஜெலட்டின் பூசி, அதை குளுட்டரால்டிஹைடில் இறுக்கி வைப்பேன். தோல் ஆலையில் குரோம் இல்லாமல் பதனிடப் பயன்படுத்தும் அதே குளுட்டரால்டிஹைடுதான். இந்த ஜெலட்டின் படலம்தான் கறுப்பை நாருக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது. நெடி கண்ணை எரிக்கும். மொட்டை மாடியில், கையுறையோடு, காற்றுக்கு முதுகைக் காட்டிச் செய்ய வேண்டிய வேலை. பெட்டியில் இதற்கு ஒரு பொருளும் இல்லை, குறிப்பிலும் ஒரு வார்த்தை இல்லை.

வெயிலைப் பற்றிக் குறிப்பில் “உச்சி வெயிலில் 5 நிமிடம்” என்று இருக்கிறது. எங்கள் பக்கம் அது சரிப்படாது. சித்திரை, வைகாசியில் வேலூர், சித்தூர் வெயிலில் கண்ணாடிக்கு அடியில் தாள் கொதிக்கும். வெளிச்சம் படாத இடத்தில்கூடச் சூட்டிலேயே பிசின் இறுகிவிடும், வெள்ளை தெளியாது. காலை எட்டு மணி வெயில் போதுமானது, ஃபிரேமைத் தொட்டால் கை சுடக் கூடாது என்பதுதான் என் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்ப் பிரச்சினை. ஈரக்காற்றில் பூச்சு இருட்டிலேயே மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருக்கும். பூசிய தாளை நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது, உலர்ந்ததும் காட்டிவிட வேண்டும். அந்த மாதங்களில் நான் யூவி டியூப் லைட்டுக்கு மாறிவிடுகிறேன்.

ஓஹெச்பி ஃபிலிம் பரவாயில்லை. ஸ்பாஞ்சு பிரஷ் கோடு போடுகிறது. அகலமான மென்மயிர் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது டைகுரோமேட். என் மதிப்பெண் சரிந்தது இங்கேதான்.

ஆரஞ்சு நிறப் பளிங்குத்தூள், சாதாரணப் பிளாஸ்டிக் புட்டியில் வருகிறது. மேலே பெயர் இருக்கிறது, அபாயக் குறி இல்லை. இது ஹெக்சாவேலன்ட் குரோமியம்: புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். தூளை மூக்கில் இழுக்கக் கூடாது, தோலில் படக் கூடாது. பட்டுக்கொண்டே இருந்தால் ஆறாத புண் வரும். பழைய தொழிலாளர்களின் கையில் அந்தக் குழிப்புண்ணை நான் பார்த்திருக்கிறேன். குறிப்புத்தாளில் இதற்கு ஒரு வரி: “கையுறை அணியவும்”. அதற்கடுத்த வரி: “கழுவிய நீரை நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம்.”

இந்த வரியை ராணிப்பேட்டையில் உட்கார்ந்து படித்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் கழிவு எங்கள் ஊர் சிப்காட்டில் மேடாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது. பாலாற்றுக் கரையின் தோல் கழிவைப் பற்றித்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எங்கள் வேலூர் மாவட்டத்து மக்கள் போட்டது. அப்படிப்பட்ட ஊருக்குக் கூரியரில் வரும் பெட்டியில் சாக்கடையில் ஊற்று என்று எழுதியிருக்கிறது.

நிறையத் தண்ணீர் என்றால் எவ்வளவு? கணக்குப் போடலாம். ஓர் ஏ4 தாளின் ஒரு பூச்சுக்கு 10 சதவீத டைகுரோமேட் கரைசல் சுமார் 2 மில்லி போகும். அதில் டைகுரோமேட் 0.2 கிராம், அதற்குள் குரோமியம் சுமார் 70 மில்லிகிராம். ஆறு, ஏரி போன்ற நீர்நிலையில் விடும் கழிவில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. வெயிலில் பாதி மாறிவிட்டது, பாதிதான் தொட்டிக்கு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 35 மில்லிகிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 350 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு தாளுக்கு, ஒரு பூச்சுக்கு. மூன்று பூச்சுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். இந்த ஊரில் யார் வீட்டில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது? இருந்தாலும் நீர்த்துப்போனதே தவிர, விஷம் எங்கும் போய்விடவில்லை.

வழி சிக்கலானதே இல்லை என்பதுதான் இன்னும் ஆற்றாமை. வெயில் செய்த வேலையையே நாமும் செய்து முடிக்க வேண்டும்: ஹெக்சாவேலன்டை, விஷம் மிகக் குறைந்த ட்ரைவேலன்ட் குரோமியமாக இறக்குவது. அந்தக் காலத்துத் தோல் ஆலைகளில் டைகுரோமேட்டோடு அமிலமும் சர்க்கரைப் பாகும் சேர்த்தே தோல் பதனிடும் குரோம் சாறு காய்ச்சினார்கள். சர்க்கரை அதை இறக்கிவிடும். நான் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் வைத்துச் செய்கிறேன். முதல் இரண்டு கழுவல் நீரையும், மீந்த கலவையையும், பிரஷ் அலசிய நீரையும் ஒரே வாளியில் சேர்ப்பேன். மொட்டை மாடியில் வைத்து, நீர்த்த கந்தக அமிலத்தால் பிஎச் 2, 3க்கு இறக்கி, டைகுரோமேட்டின் எடைக்கு இரண்டு மடங்கு மெட்டாபைசல்ஃபைட் போடுவேன். எடைக்கு எடையே கணக்குப்படி போதும், மிச்சம் பாதுகாப்புக்கு. மூச்சடைக்கும் வாடை வரும், தள்ளி நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகிவிடும்.

கண்ணை நம்புவதில்லை. ஒரு சொட்டு எடுத்து, அமிலத்தில் டைஃபினைல் கார்பசைடு விட்டுப் பார்ப்பேன். ஹெக்சாவேலன்ட் துளி இருந்தாலும் ஊதா கலந்த சிவப்பு எழும். எழவில்லை என்றால் சுண்ணாம்பு போட்டு பிஎச் 8, 8.5க்கு ஏற்றினால் சாம்பல் பச்சையில் கசடு அடியில் இறங்கும். மேலாளரிடம் அனுமதி வாங்கி, அந்தக் கசடை ஆலையின் அபாயக் கழிவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறேன். இந்த வசதி இல்லாதவர்கள் அமிலத்தை வீட்டில் தொட வேண்டாம். விட்டமின் சி தூள் வாங்கி, தாளின் ஒரு பூச்சுக்கு ஒரு கிராம் வீதம் கழுவல் நீரில் கரைத்தாலே ஆரஞ்சு போய்விடும். பிறகு மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையிடம் ஒப்படைக்கக் கேட்டுப் பாருங்கள். வாங்கிக்கொள்ள யாரும் இல்லாத ஊரில் இந்த அச்சுமுறையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. படம் எனக்கு உயிர்தான், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெட்டாபைசல்ஃபைட் இன்னொரு வேலையும் செய்யும். எல்லாப் பூச்சும் முடிந்த பிரிண்டை அதன் 2 சதவீதக் கரைசலில் சில நிமிடம் போட்டால், தாளில் தங்கிய டைகுரோமேட்டின் மஞ்சள் கறை போய் வெள்ளை வெள்ளையாகும். அதாவது படத்துக்கும் அதுதான் மருந்து, கழிவுக்கும் அதுதான் மருந்து. 50 கிராம் விஷம் வைத்த பெட்டியில் அந்த மருந்து ஒரு ஸ்பூன்கூட இல்லை.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். அந்த இரண்டும் பிசினுக்கும் ஃபிலிமுக்கும். சென்னைக்குப் போய்ப் பொருள் பொறுக்க முடியாதவர், வெளிர்நிறத்தில் ஒரு தடவை செய்து பார்க்க நினைப்பவர் வாங்கலாம், குறிப்புத்தாளைத் தூரப் போட்டுவிட்டு. இருட்டுப் படம்தான் நோக்கம் என்றால் கிட்டை விடுங்கள். இரண்டு கறுப்பு ட்யூப், ஒரு பர்ன்ட் அம்பர், கோந்துப் பொடி, நல்ல பஞ்சுத் தாள் நாலு என்று தனித்தனியாக வாங்கினால் இதைவிடக் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் ஒவ்வொன்றும் கடைசிச் சொட்டுவரை உதவும்.

விற்பனையாளருக்கும் எழுதியிருக்கிறேன். புட்டியில் நிறமி எண்ணை அச்சிடுங்கள். டைகுரோமேட்டுக்கு அபாயக் குறி ஒட்டுங்கள். மெட்டாபைசல்ஃபைட் 100 கிராம் சேர்த்து வையுங்கள், சாக்கடை வரியை எடுத்துவிடுங்கள். அதற்காக விலையில் ஐம்பது ரூபாய் ஏற்றினாலும் வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள். பதில் வந்தால், புதுப் பெட்டியைச் சோதித்துவிட்டு மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.